ஜூன் முதல் தேதியில் பிறந்தவர்கள்

என் அம்மாவின் கணக்குப்படி நான் பிறந்தது ஒரு மாசி மாதம். பள்ளிக்கூடத்துக் கணக்குப்படி அதற்கு ஒன்பது மாதம் முன்பே, ஒரு ஜூன் முதல் தேதி பிறந்துவிட்டேன். விஜயதசமி அன்று என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார்கள். எனக்குக் கை கொஞ்சம் நீளம். தொட்டுவிட்டேன். காதைத் தொட்டால் ஐந்து வயது முடிந்துவிட்டது என்று அர்த்தம். அப்படி முடிந்தவர்கள் எல்லாருக்கும் தலைமை ஆசிரியர் ஒரே பிறந்த தேதிதான் வைத்திருந்தார். எழுதிவிட்டு அடுத்த பையனைக் கூப்பிட்டார்.

நான் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். எங்கள் அலுவலகத்தில் ஜூன் முதல் தேதி பிறந்தவர்கள் ஏழு பேர் இருந்தோம். மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர் அதற்கு முந்தின நாளே ஓய்வு பெற வேண்டும் என்பது விதி. அதனால் ஒவ்வொரு வருடமும் மே மாதக் கடைசி நாளில் சால்வைக் கடைக்காரருக்கு நல்ல வியாபாரம். ஏதோ ஒரு ஜூன் மாதத்தில் ஊரே சேர்ந்து பிள்ளை பெற்றுக்கொண்டது போலத்தான் எங்கள் பணிப்பதிவேடுகளைப் பார்த்தால் தோன்றும்.

காரைக்காலில் இந்தக் கூத்துக்கு அவசியமே இல்லை. பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்தே இங்கே பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாம் பதிவாகிவிடும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்தவர்களின் குடும்பங்கள் இன்னும் ஊரில் இருக்கின்றன. எங்கள் தெருக்கோடியில் ஒரு வீட்டில், கணவர் போய் எத்தனையோ வருடமாகியும் அந்தம்மாவுக்கு மாதம் தவறாமல் பிரான்சிலிருந்து பென்ஷன் வந்துகொண்டிருந்தது. பென்ஷன் என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் இருக்கிற மரியாதை அப்படி வந்ததுதான். ஆனால் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பதும் எங்கள் பக்கத்து வழக்கம். என் அம்மாவுக்கும் தாய்வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக் கிராமம். என் மனைவிக்கும் அப்படியே. வரப்பைத் தாண்டினால் வேறு அரசாங்கம். பிரசவம் அங்கே நடக்கும், பிள்ளை இங்கே வளரும், பதிவு செய்வதற்கு இரண்டு பக்கத்திலும் யாருக்கும் நேரம் இருக்காது.

என் மகள் அப்படித்தான் ஒரு கார்த்திகை மாத அடைமழையில் அங்கே பிறந்தாள். அவளுக்கு நான்கு வயது முடிய ஒரு மாதம் இருக்கும்போது நான் அவளைப் பள்ளியில் சேர்த்தேன். அதுவும் விஜயதசமிதான். அது சம்பா நடவு நேரம். என் மனைவி நடவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். குழந்தையை வரப்பில் உட்காரவைத்துவிட்டுச் சேற்றில் குனிந்து நிற்க அவளுக்குப் பயமாக இருந்தது. நான் தினக்கூலி. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் கிடையாது. பள்ளிக்கூடம் என்றால் மதியச் சாப்பாடும் உண்டு, ஒரு கூரையும் உண்டு.

அவளுக்குக் காது எட்டவில்லை. கை உச்சந்தலையிலேயே நின்றுவிட்டது. அங்கே தலைமை ஆசிரியையாக இருந்த அம்மா நல்லவர்.

“பச்சப்புள்ளையா இருக்கே, அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்களேன்” என்றார்.

“இல்லீங்க டீச்சர், ஆளுதான் சின்னது. அஞ்சு முடிஞ்சிருச்சு” என்றேன்.

“பொறந்த தேதி?”

“ஜூன் ஒண்ணுன்னு போட்டுக்கங்க.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதினார். ஒன்றரை வருடத்தை ஒரே வாக்கியத்தில் என் பிள்ளையின் ஆயுளில் ஏற்றிவிட்டு நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். அன்றைக்கு அது எனக்கு லாபமாகத்தான் பட்டது. சீக்கிரம் படித்து முடிப்பாள், சீக்கிரம் வேலைக்குப் போவாள். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் பேசிக்கொண்டோம்.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசு சார்ந்த ஒரு நிறுவனத்தில் தினக்கூலி எழுத்தராகச் சேர்ந்தேன். இன்று நிரந்தரமாகும், நாளை நிரந்தரமாகும் என்று இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஊர்வலம் போனோம், உண்ணாவிரதம் இருந்தோம், ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு வாக்குறுதி வாங்கினோம். ஒருவழியாக உத்தரவு வந்தபோது எனக்கு ஐம்பது தாண்டியிருந்தது. அலுவலகம் முழுக்க லட்டு கொடுத்தேன். விதிகளைப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். நிரந்தரப் பணி பத்து வருடம் இருந்தால்தான் மாதாமாதம் ஓய்வூதியம். அதற்குக் குறைந்தால் ஏதோ ஒரு தொகையைக் கையில் கொடுத்துக் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்கள். தினக்கூலியாக உழைத்த வருடங்கள் கணக்கில் வராது. அறுபது வயதில் எனக்குப் பத்து வருடம் நிறைய ஏழு மாதம் குறைந்தது.

அம்மா சொன்ன மாசி மாதம் சான்றிதழில் இருந்திருந்தால் ஒன்பது மாதம் கூடுதலாகக் கிடைத்திருக்கும். இதை நினைத்து நான் எத்தனையோ நாள் பல்லைக் கடித்திருக்கிறேன். காதைத் தொட்ட கையைக்கூடத் திட்டியிருக்கிறேன்.

இந்த நிலையில்தான், நான் ஓய்வு பெற வேண்டிய வருடத்தின் பொங்கல் சமயத்தில், ஓய்வு வயதை அறுபத்திரண்டாக உயர்த்தப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியது. பாண்டியில் கோப்பு நகர்கிறது என்றார்கள். எங்கள் கோப்பு எல்லாம் அங்கேதான் இருக்கும். நடுவே தமிழ்நாட்டைத் தாண்டிப் போய்க் கையெழுத்தாகி வர வேண்டும். டீக்கடையில் இதைக் கேட்ட அன்று எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஏழு மாதம்தானே கேட்டேன், கடவுள் இரண்டு வருடமாகத் தருகிறார் என்று திருநள்ளாற்றுப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டேன்.

அந்தத் திருநள்ளாற்றில்தான் என் மகள் அப்போது ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளி, சனி இரண்டு நாளும் யாத்ரீகர் கூட்டத்தில் நிமிர நேரம் இருக்காது. பட்டம் வாங்கியிருந்தாள், தட்டச்சு இரண்டு மொழியிலும் முடித்திருந்தாள். அரசுத் தேர்வு ஒன்றுவிடாமல் எழுதினாள். ஒருமுறை காத்திருப்போர் பட்டியல்வரை போனாள், அந்தப் பட்டியல் காலாவதியானது. பிறகு சில வருடம் அறிவிப்பே வரவில்லை. எங்கள் பிரிவுக்கான சலுகைகளை எல்லாம் கூட்டிப் பார்த்தாலும், அடுத்த வருடம் ஜூன் முதல் தேதியோடு அவள் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். எங்கள் நிறுவனத்தில் அந்த மே மாதம் மட்டும் மூன்று பேர் ஓய்வு பெறுவதாக இருந்தோம். மூன்று இடம் காலியானால் அறிவிப்பு வந்தே தீரும் என்பது அவள் நம்பிக்கை. லாட்ஜிலிருந்து வந்து, குளித்துவிட்டு, தினமும் படித்தாள்.

பேச்சு அவள் காதுக்கும் போயிற்று. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

“ஏம்பா, அறுவத்திரெண்டு ஆக்கப் போறாங்களாமே. அப்படி ஆக்கிட்டா ரெண்டு வருஷத்துக்கு ஒரு எடமும் காலியாவாதே.”

“சும்மா சொல்லுவாங்கம்மா. ஒண்ணும் நடக்காது.”

“நடக்காதுல்ல?”

“நடக்காது.”

என் மனைவி என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஏழு மாதத்துக் கதையும் தெரியும், மகளின் கடைசி வருடமும் தெரியும். குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஓய்வு வயதை உயர்த்தலாமா கூடாதா என்று பெரியவர்கள் பேப்பரில் எழுதுகிறார்கள். மக்கள் இப்போது நீண்ட காலம் வாழ்கிறார்கள் என்கிறார் ஒருவர். இளைஞர்கள் எங்கே போவார்கள் என்கிறார் இன்னொருவர். இரண்டும் நியாயமாகத்தான் இருக்கிறது. அவர்கள் வீட்டில் அந்த இரண்டு பேரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஒரே சட்டியிலிருந்து சாப்பிடுவதில்லை. எனக்கு இரண்டு வருடம் வேண்டும் என்றால் அதை என் மகளிடமிருந்துதான் எடுக்க வேண்டும். எடுக்க நான் தயாராக இருந்தேன் என்பதை இன்று மறைத்து என்ன ஆகப்போகிறது.

மாசி மாதம் சங்கத்தில் மனு தயாரித்தார்கள். வயதை உடனே உயர்த்த வேண்டும் என்று எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். சங்கச் செயலாளர் என்னைவிடப் பத்து வயது இளையவர், தாளை என் மேசைக்கே கொண்டுவந்தார்.

“அண்ணே, நீங்கதாண்ணே மொதல்ல போடணும். ஒங்களுக்காகத்தான் இவ்வளவும்.”

மகளைக் கேட்டுவிட்டுப் போடுகிறேன் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. அதைச் சொன்னால் சிரிப்பார்கள். போட்டேன். பெயருக்குக் கீழே பதவியையும் அழகாக எழுதினேன்.

அந்தத் தாளை யாரோ படம் பிடித்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் குழுவுக்கு அது போனது. எங்களைத் திட்டித் தீர்த்திருந்தார்கள். பாடையில் போகும் வரை நாற்காலியை விடமாட்டார்கள் என்று ஒரு பையன் எழுதியிருந்தான். அதற்கு மேலே இருந்த படத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. மகள் போனை என் முன்னால் வைத்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், பாரம் குறைந்திருக்கும்.

“நீங்க போட்டது தப்புன்னு சொல்லலப்பா. பென்ஷன் இல்லாம நீங்களும் அம்மாவும் என்ன பண்ணுவீங்கன்னு எனக்கும் தெரியும். சொல்லிட்டுப் போட்டிருக்கலாம்ல.”

தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

அந்த வாரமே விடுப்பு எடுத்துக்கொண்டு அவள் பிறந்த தேதியைத் திருத்த முடியுமா என்று அலைந்தேன். கையில் இருந்தது ஒரு ஜாதக நோட்டு மட்டும். மாமனார் ஊர்ப் பஞ்சாயத்தில் பதிவு இல்லை. பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு முடிப்பதற்கு முன்பே வந்திருக்க வேண்டும் என்றார்கள். கல்வி அலுவலகத்தில் ஒரு எழுத்தர், என் வயதுதான் இருக்கும், ஜாதக நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இது சனீஸ்வரனுக்குச் செல்லும் சார், சர்க்காருக்குச் செல்லாது. நானே ஜூன் ஒண்ணுதான். எங்க போய்ச் சொல்றது?”

மகளும் அன்று என்னோடு வந்திருந்தாள். திரும்பி வரும்போது அரசலாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அந்த டீச்சர் மட்டும் சரியா எழுதியிருந்தா எனக்கு இன்னும் ஒன்றரை வருஷம் கூடக் கெடச்சிருக்கும்ப்பா. எந்தப் புள்ளைக்கு எந்தத் தேதின்னு ஒரு வார்த்த கேட்டு எழுதியிருக்கக் கூடாதா?”

“அந்தக் காலத்துல அப்படித்தாம்மா” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். என்னைத் தடுத்த, அடுத்த வருடம் வாருங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்ன ஒரு நல்ல மனுஷியின் தலையில் பழியைத் தூக்கி வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன். அந்த அம்மா அப்போதே இறந்துபோயிருந்தார். மறுத்துச் சொல்ல வரமாட்டார் என்ற தைரியம் எனக்கு. இப்படி ஒரு கோழைத்தனம் என்னிடம் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

உத்தரவு வரவில்லை. பங்குனியில் வரும் என்றார்கள், சித்திரையில் வரும் என்றார்கள். மே மாதம் முழுக்க நான் ஒவ்வொரு நாளும் தபால் வரும் நேரத்துக்கு வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசி நாளன்று மூன்று ஜூன் முதல் தேதிக்காரர்களுக்கும் சேர்த்து விழா வைத்தார்கள். ஆளுக்கொரு மாலை, சால்வை, சுவர்க்கடிகாரம். மேலதிகாரி பேசும்போது, “இவரைப் பார்த்தா அறுவது வயசுன்னு யாராச்சும் சொல்வாங்களா?” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு அறுபது ஆகவில்லை ஐயா என்று கத்த வேண்டும் போலிருந்தது. வழக்கப்படி காரில் வீடு வரை கொண்டுவந்து விட்டு, வாசலில் பட்டாசு வெடித்தார்கள். வந்தவர்களுக்கு மகள்தான் காபி கொடுத்தாள். சங்கச் செயலாளருக்கும் கொடுத்தாள். எல்லாரும் போன பிறகு மாலையைக் கழற்றும்போதுதான் மாதாமாதம் வர இனி எதுவும் இல்லை என்பது உறைத்தது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, “விடுங்க, இவளுக்காச்சும் வழி தொறந்துச்சுல்ல” என்றாள்.

நானும் அதை வைத்துத்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன். என் நாற்காலி காலி. மூன்று நாற்காலி காலி. அறிவிப்பு வந்தால் அவள் எழுதுவாள். ஆனி போனது, ஆடி போனது. அறிவிப்பு வரவில்லை. எனக்குத்தான் போன் வந்தது.

பேசியது என் பழைய மேலதிகாரி. “சார், புதுசா ஆள் எடுக்க அனுமதி கிடைக்கல. வேலை அப்படியே கெடக்கு. ஓய்வு பெற்றவங்கள ஒப்பந்தத்துல வச்சுக்கலாம்னு சொல்லியிருக்காங்க. ஒங்க சீட்டுலயே வந்து ஒக்காருங்களேன்.”

“என் பொண்ணு இருக்கா சார், டைப்பிங் எல்லாம் முடிச்சிருக்கா. அவளை ஒப்பந்தத்துல...”

“ஓய்வு பெற்றவங்க மட்டும்தான் சார்.”

“இந்த வருஷங்கள் பென்ஷனுக்குச் சேருமா?”

“அது எப்படிச் சேரும்? நீங்கதான் ரிட்டையர் ஆயிட்டீங்களே.”

போகக் கூடாது என்று இரண்டு நாள் வீம்பாக இருந்தேன். மூன்றாம் நாள் மகளே சட்டையைத் தேய்த்துக் கொண்டுவந்து வைத்தாள். “போங்கப்பா. வீட்டுக்கு வேணும்ல” என்றாள். போனேன். அதே மேசை, அதே பதிவேடுகள். என்னோடு மாலை போட்டுக்கொண்ட மற்ற இருவரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கக் கூசினோம். வயதை உயர்த்து என்று மனுக் கொடுத்தபோது அசையாதவர்கள், உயர்த்தாமலே எங்களை வைத்து வேலை வாங்கினார்கள். நான் வேண்டும் என்று கேட்ட அதே ஏழு மாதம் அந்த நாற்காலியில் கழிந்தது. எட்டாவது மாதமும் கழிந்தது. எதுவும் எதிலும் சேரவில்லை. நான் அங்கே உட்கார்ந்திருக்கும் வரை அந்த இடத்துக்கு ஆள் எடுக்க அவர்களுக்கு ஒரு அவசரமும் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். தெரிந்தும் தினமும் காலையில் போய்க் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த ஜூன் முதல் தேதி ஒரு வேலை நாள். சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது மகள் லாட்ஜிலிருந்து சீக்கிரமே வந்திருந்தாள். கேசரி கிளறியிருந்தாள். “நம்ம ரெண்டு பேருக்கும் சர்டிபிகேட் பொறந்தநாள் இன்னைக்கு” என்று சிரித்துக்கொண்டே தட்டை என் முன் வைத்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க என்னால் முடியவில்லை. அன்று காலையிலிருந்து அவள் எந்த அறிவிப்புக்கும் விண்ணப்பிக்க முடியாதவள் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னேன்.

“அந்தத் தேதிய டீச்சர் எழுதலம்மா. நான்தான் சொன்னேன். அந்தம்மா அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்கன்னுதான் சொன்னாங்க. நான்தான் பொய் சொல்லி எழுத வச்சேன்.”

உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை. கோபம் வந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

“இதை ஏம்ப்பா இப்ப சொன்னீங்க?” என்றாள். “நான் பாட்டுக்கு அந்த டீச்சரத் திட்டிக்கிட்டே இருந்திருப்பேன்ல.”